பள்ளியில் வன்முறை: ‘ஏன் இப்படி நடந்தது?’ என்று ஒரு குடும்பம் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு வியாழக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. எட்டாம் வகுப்பில் இருந்த என் மகன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் தோளில் காம்பஸால் குத்திவிட்டான். அந்தப் பையனுக்கு இரண்டு தையல். நான் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் காரணமும் தயாராக இருந்தது: “எல்லாம் செல்போன் கேம் மேடம், வேறென்ன?” சாயங்காலம் மாமியார், வேலைக்குப் போகும் அம்மாதான் காரணம் என்றார். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் சினிமா காரணம் ஆனது. ராத்திரி படுப்பதற்குள் ஐந்து காரணங்கள் கைக்கு வந்துவிட்டன. ஐந்தும் தப்பு என்று தெரிய எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

அந்த இரண்டு மாதத்தில் நான் தப்பாகச் செய்ததும் சரியாகச் செய்ததும், அப்புறம் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்ந்ததுதான் இது. அடிபட்ட பிள்ளையின் வீடு, அடித்த பிள்ளையின் வீடு, பக்கத்தில் நின்று பார்த்த பிள்ளையின் வீடு, மூன்றுக்கும் பொருந்தும். அடித்த பிள்ளையின் வீட்டுக்குத் தனியாகவும் ஒரு படி உண்டு. எங்கள் வீடு அதுதான்.

படி 1: முதல் இரண்டு நாள் காரணம் தேட வேண்டாம்

காயம் இருந்தால் முதலில் மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் காயத்தைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஏ.ஆர். (ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர்) காப்பி என்று கேட்டால் புரியும். அதைக் கேட்டு வாங்கி வையுங்கள். கிழிந்த சட்டையைத் துவைக்க வேண்டாம். பிள்ளையின் போனிலோ உங்கள் போனிலோ எதையும் அழிக்க வேண்டாம், அசிங்கமாக இருந்தாலும் சரி.

சம்பவத்தின் வீடியோ சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் கைக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். வழக்கில் சிக்கிய அல்லது பாதிக்கப்பட்ட சிறாரின் பெயர், முகம், பள்ளி ஆகியவற்றை வெளியிடுவதை 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். “நியாயம் கேட்டுத்தான் போட்டேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

காரணத்தைத் தள்ளிப் போடச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முதல் நாளில் கிடைக்கும் விளக்கம் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வசதியான விளக்கம். 1999 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கொலராடோவில், கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். அவர்கள் நீளக் கோட்டு போட்ட ஒரு கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று அன்றைக்கே டி.வி.யில் ஓடியது. விசாரணையில் அது நிற்கவில்லை. ஆனால் இன்றும் அந்தக் கோட்டுதான் பலருக்கு ஞாபகம். இங்கேயும் அப்படித்தான். 2012 பிப்ரவரியில் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் வகுப்பறையிலேயே ஆசிரியையைக் குத்திக் கொன்றபோது, அவன் பார்த்த ஒரு ஹிந்திப் படத்தைப் பற்றி ஊரே பேசியது. அவன் பள்ளி டைரியில் ஆசிரியை எழுதிய குறிப்புகள், மதிப்பெண், வீட்டுக்குப் போன புகார், இதையெல்லாம் பேசப் பொறுமை வேண்டும். படத்தைத் திட்ட அது தேவையில்லை.

படி 2: ஒரு நோட்டு வாங்கி, பின்னாலிருந்து எழுதுங்கள்

என்னைக் கேட்டால் இந்தப் படிதான் முக்கியம். எண்பது பக்க நோட்டு போதும். கடைசிப் பக்கத்தில் சம்பவம் நடந்த நாள். அதற்கு முந்தைய பக்கம் அதற்கு முந்தைய வாரம். இப்படியே ஆறு மாதம் பின்னால் போங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் மூன்றில் ஒரு சொல்லை எழுத வேண்டும்: பார்த்தது, கேட்டது, நினைத்தது. நாம் நினைத்ததைப் பார்த்ததாகச் சொல்லும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. எழுதும்போதுதான் அது பிடிபடும்.

எதை எழுதுவது? லீவு போட்ட நாட்கள். அவை எந்தக் கிழமை, அன்று எந்தப் பாடவேளை? வயிற்றுவலி என்று சொன்ன காலைகள். தொலைந்த பொருள், காணாமல் போன பத்து இருபது ரூபாய். பிய்ந்த பட்டன். மாறிய பஸ். பேச்சு நின்றுபோன நண்பன். டைரியில் சிவப்பு மையில் வந்த வரிகள். பிள்ளை திடீரென்று கேட்க ஆரம்பித்த பொருள்.

என் நோட்டிலிருந்து இரண்டு வரி:

“செப்டம்பர் இரண்டாம் வாரம். தண்ணீர் பாட்டில் கொண்டுபோனது போலவே திரும்பி வருகிறது. பார்த்தது.”

“அதே வாரம். ஸ்கூல் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறான். பார்த்தது.”

இரண்டையும் நான் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். “தண்ணி குடிக்க மாட்டியாடா?” என்று திட்டியும் இருக்கிறேன். தனித்தனியாக இருந்தவரை இரண்டும் ஒன்றுமில்லாத விஷயம். ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிய பிறகுதான், இவன் பள்ளியில் ஒண்ணுக்குப் போவதே இல்லை, அதற்காகத் தண்ணீரே குடிப்பதில்லை என்று உறைத்தது. வெயில் காலத்திலும்.

வீட்டில் உள்ள எல்லாரும் இந்த நோட்டில் எழுத வேண்டும். தாத்தா, பாட்டி, அக்கா, டியூஷன் கொண்டுவிடும் சித்தப்பா உட்பட. எங்கள் வீட்டில் பாட்டிக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை: ராத்திரியில் பல்லை நறநறவென்று கடித்திருக்கிறான்.

படி 3: பிள்ளையிடம் ‘ஏன்’ என்று கேட்காமல் கேளுங்கள்

“ஏன்டா குத்தின?” என்று முதல் வாரத்தில் நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். நாற்பது தடவையும் “தெரியல” என்றுதான் பதில். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். உண்மையாகவே அவனுக்கும் தெரிந்திருக்காது. அதோடு நம் வீடுகளில் ‘ஏன்’ என்பது கேள்வியே இல்லை, திட்டின் முதல் வார்த்தை. “ஏன் லேட்டு?”, “ஏன் மார்க் கொறஞ்சுது?” என்றால் பிள்ளைக்கு அப்படித்தானே கேட்கும்.

எங்கே, யார், எப்போது என்று கேளுங்கள். முகத்தைப் பார்த்து உட்கார வைத்து விசாரிக்க வேண்டாம். வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது, துணி மடிக்கும்போது, கைக்கு ஏதாவது வேலை இருக்கும்போது பேச்சு வரும். எங்களுக்கு வந்தது பூண்டு உரிக்கும்போது.

“இன்டர்வெல்ல எங்கடா இருப்ப?”

“கிளாஸ்லயே.”

“பாத்ரூம் போக மாட்டியா?”

பதில் இல்லை. நானும் ஒன்றும் சொல்லாமல் உரித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாறு பல் உரிந்திருக்கும்.

“பின்னாடி பாத்ரூம்ல அவங்க நிப்பாங்கம்மா.”

அவ்வளவுதான் அன்றைக்கு. வெளியே தாழ்ப்பாள் போடுவது, மக்கில் தண்ணீர் எடுத்து பேன்ட்டின் முன்பக்கம் ஊற்றிவிட்டு வகுப்புக்கு அனுப்புவது, அதற்காக ஒரு பட்டப்பெயர் எல்லாம் அடுத்த மூன்று வாரத்தில் துண்டு துண்டாக வந்தது. அந்தப் பட்டப்பெயரை இங்கே எழுத மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்று சத்தியம் செய்யாதீர்கள். சொல்ல வேண்டி வரும், வந்தால் நம்பிக்கை போய்விடும். “உன்கிட்ட கேக்காம சொல்ல மாட்டேன்” என்பது போதும். இன்னொன்று, பாலியல் தொந்தரவின் சாயல் தெரிந்தால் நீங்கள் துருவித் துருவிக் கேட்பதை அங்கேயே நிறுத்திவிட்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, விஷயம் தெரியவந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும். வீட்டில் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் பிள்ளையின் வாக்குமூலம்தான் குழம்பும்.

பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல், சாவைப் பற்றிப் பேசினால் காரணம் தேடுவது இரண்டாம் பட்சம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

படி 4: மற்ற பிள்ளைகளுக்குத் தெரியும்

கொலம்பைனுக்குப் பிறகு அமெரிக்க அதிபருக்குக் காவல் தரும் சீக்ரெட் சர்வீஸும் அந்நாட்டுக் கல்வித் துறையும் சேர்ந்து, 1974 முதல் 2000 வரை பள்ளிகளில் நடந்த 37 தாக்குதல்களை ஆராய்ந்து, 2002-ல் அறிக்கை வெளியிட்டன. தாக்கியவர்கள் 41 பேர். ஐந்தில் நான்கு சம்பவங்களில், நடக்கப்போவது முன்கூட்டியே குறைந்தது ஒருவருக்காவது தெரிந்திருந்தது. அந்த ஒருவர் பெரும்பாலும் நண்பன், வகுப்புத் தோழன், அண்ணன் தம்பி. பெரியவர்கள் மிகக் குறைவு. ‘இப்படிப்பட்ட பிள்ளைதான் செய்யும்’ என்று சொல்ல ஒரு பொது அடையாளமும் அகப்படவில்லை. கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு பேர் பெற்றோர் இருவர் இருந்த வீட்டில் வாழ்ந்தவர்கள், சிலருக்கு அதில் ஒருவர் மாற்றுப் பெற்றோர். நன்றாகப் படித்தவர்களும் நிறைய. நம் ஊர்க் கத்திக்கும் அரிவாளுக்கும் அந்தத் துப்பாக்கிக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது என்பது சரிதான். ஆனால் ‘பிள்ளைகளுக்குத் தெரியும், பெரியவர்களுக்குத் தெரியாது’ என்ற இடம் இங்கேயும் அச்சாகப் பொருந்துகிறது.

அதனால் உங்கள் பிள்ளையின் நண்பர்களிடம் பேசுங்கள், அவர்கள் பெற்றோர் முன்னிலையில். போலீஸ் மாதிரி வேண்டாம். “அவன் மேல தப்பா, இவன் மேல தப்பா” என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார்கள். போட்டுக்கொடுப்பது பிள்ளைகள் உலகத்தில் பெரிய பாவம். “எந்த இடத்துக்குப் போக எல்லாருக்கும் பயம்?” என்று கேளுங்கள். இடத்தைச் சொல்வது யாரையும் காட்டிக்கொடுப்பதில் சேராது. பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் கிறுக்கி, பயமான இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னேன். நான்கு பிள்ளைகள் போட்டார்கள். நான்கு குறியும் பின்கட்டு பாத்ரூம் மேல் விழுந்தது.

படி 5: தீக்குச்சி வேறு, சருகு வேறு

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் தன் வகுப்பு மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப்போன ஆசிரியைக்கும் காயம். பென்சில் தகராறு என்று செய்தி வந்தது. பென்சிலுக்காகவா ஒருவன் பையில் அரிவாள் வைத்துக்கொண்டு வருவான் என்று எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டோம். பென்சில் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் அது தீக்குச்சி. கீழே எவ்வளவு நாளாகச் சருகு சேர்ந்தது, அரிவாள் எப்படி அந்த வயதில் ஒரு வழியாகத் தோன்றியது என்பது வேறு கேள்வி.

நோட்டில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். ஒன்றில் அன்றைக்கு நடந்தது, இன்னொன்றில் நாள்பட்டது. என் மகன் விஷயத்தில் தீக்குச்சி இது: ஆசிரியர் கேள்வி கேட்டு எழுப்பியபோது, பக்கத்துப் பையன் அந்தப் பட்டப்பெயரை மெதுவாகச் சொன்னான். ஒரே தடவை. பாத்ரூமில் நின்றவர்களில் அவன் இல்லவே இல்லை. குத்து வாங்கியது தாழ்ப்பாள் போட்டவன் அல்ல, சிரித்தவன். இது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சருகுப் பக்கத்தில், நம் ஊரில் கேட்காமல் விடுவது ஒன்று உண்டு: சாதி. குறிப்பாகத் தென் மாவட்டங்களில். கையில் கட்டும் கயிற்றின் நிறம், பனியன் நிறம், பஸ்ஸில் யார் எந்தப் பக்கம், கோயில் கொடை விழா முடிந்த மறுவாரத்தில் வகுப்பில் என்ன நடக்கிறது, ஸ்டேட்டஸில் என்ன பாட்டு என்று இவற்றையும் நோட்டில் எழுதுங்கள். 2019-லேயே கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு கிளம்பியதும் அது அப்படியே அமுங்கிவிட்டது.

நான்கு வருடம் கழித்து, 2023 ஆகஸ்ட் 9 இரவு, நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவனை அவன் வீட்டுக்குள் புகுந்து, அவன் பள்ளி மாணவர்கள் அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கைக்கும் வெட்டு. அதற்கு முன்பே அவனைப் பள்ளியில் ஏவல் வேலை வாங்கியிருக்கிறார்கள், துன்புறுத்தியிருக்கிறார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். இதை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுப்பது, கயிறுகளுக்குத் தடை, ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவது என்று பல பரிந்துரைகள். பரிந்துரைகளில் சில சர்ச்சையானது தனிக் கதை. ‘பசங்க சண்டை’ என்று சொல்லி மூடிவிட முடியாது என்பது அரசு அறிக்கையிலேயே வந்துவிட்டது.

படி 6: பள்ளிக்குப் போகும்போது

நாங்குநேரியில் கவனிக்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. அந்த மாணவன் வாயைத் திறந்து சொன்னான். பள்ளிக்குப் புகார் போனது. புகார் போன கையோடுதான் அன்றிரவு அரிவாள் வந்தது. ‘சொல்லு, சொல்லு’ என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறோம். சொன்ன பிறகு அன்று ராத்திரி அந்தப் பிள்ளைக்கு யார் காவல் என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை.

ஆகவே புகாரோடு நிறுத்தாதீர்கள். எழுத்தில் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அதே தாளில் கேளுங்கள்: நாளை முதல் என் பிள்ளை எங்கே உட்காருவான், இடைவேளையில் எந்தப் பெரியவர் கண்ணில் இருப்பான், பஸ் ஏறும் வரை யார் கூட, புகார் விஷயம் எதிர்த் தரப்புக்கு எப்போது, யார் மூலம் சொல்லப்படும்? மிரட்டல் இருந்தால் அன்றைக்கே காவல் நிலையம், அல்லது 112. உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தலைமையாசிரியரோடு மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். வாட்ச்மேன், ஆயா, பஸ் டிரைவர், பி.டி. மாஸ்டர், இவர்கள் பார்ப்பதை ஸ்டாஃப் ரூம் பார்ப்பதில்லை. எங்கள் விஷயத்தில், ஈரப் பேன்ட்டோடு அவன் வெயிலில் நின்று காய வைப்பதை ஆயா பார்த்திருக்கிறார். “சின்னப் புள்ளைங்க வெளையாட்டுன்னு நெனச்சேன்மா” என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

ஆசிரியரே அடிப்பது, வகுப்பு முன்னால் கேவலப்படுத்துவது சருகில் ஒன்று என்று தெரிந்தால் அதையும் எழுத்தில் சொல்லுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. பள்ளி அசையாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417, முதன்மைக் கல்வி அலுவலர், குழந்தைகள் நலக் குழு. அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுப்பலாம். அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை.

படி 7: செய்தது உங்கள் பிள்ளை என்றால்

முதலில் அந்த வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும். போக வேண்டாம் என்று வக்கீலே சொல்லும் அளவுக்கு வழக்கு பெரிதாக இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் போங்கள், காரணம் எதையும் கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் மூன்றாம் நாள் போனேன். அந்தப் பையனின் அம்மா கதவைத் திறந்தார், உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்றே பேசிவிட்டு வந்தேன். அது அவர் உரிமை.

வழக்கானால் பயந்து பிள்ளையை ஒளித்து வைக்காதீர்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் ஆஜர்படுத்த வேண்டும். தேவைப்பட்டால், விசாரணைக் காலத்தில் சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லம். கொடுங்குற்றம், வயது பதினாறுக்கு மேல் என்றால் மட்டும் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று குழுமம் முதலில் மதிப்பிடும். வக்கீல் வைக்க வசதியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து குடும்ப நிலையைக் கேட்டு அறிக்கை எழுதுவார். அவரிடம் ‘எங்க வீட்ல ஒரு பிரச்சினையும் இல்ல’ என்று பூசி மெழுகாதீர்கள். குடி, அடி, கடன், சண்டை, எது உண்டோ அதைச் சொல்லுங்கள். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்பதை அவர்கள் முடிவு செய்வதே அதை வைத்துத்தான்.

அப்புறம் வீட்டுப் பேச்சைக் கவனியுங்கள். சாப்பிடும்போது யாரை ‘அவனுங்க’ என்கிறோம்? ‘அடி வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விட மாட்டேன்’ என்று யார் எப்போது சொன்னார்கள்? எங்கள் வீட்டில் அதைச் சொன்னது என் கணவர், ஆறாம் வகுப்பில், சிரித்துக்கொண்டே. நோட்டில் அவரே தன் கையால் எழுதினார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

இதற்காக எல்லாப் பழியையும் தன் மேலேயே போட்டுக்கொள்ளவும் தேவையில்லை. கொலம்பைனில் சுட்ட இருவரில் ஒருவனின் தாய் சூ கிளிபோல்ட், பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேச வந்தார். மகன் சாக விரும்பி எழுதியிருந்ததை அவன் இறந்த பிறகுதான் அவர் படித்தார். அன்பில்லாத வீடு அல்ல அது.

படி 8: மாதம் ஒருமுறை நோட்டைத் திறங்கள்

பள்ளி, எங்கள் வற்புறுத்தலில், இடைவேளையில் பின்கட்டில் ஓர் ஆசிரியரை நிறுத்தியது. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றினார்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்துச் செய்யும் ஐந்து நிமிட வேலை. இருந்தும் பாட்டில் இன்னும் மூன்று வாரம் நிறைந்தே வந்தது. பெரியவர்கள் ஒன்றைச் சரி செய்த அன்றே பிள்ளைக்குப் பயம் போய்விடாது. அதனால்தான் மாதம் ஒருமுறை நோட்டைத் திறந்து, அதே பழைய விஷயங்களை மறுபடி பார்க்க வேண்டும்: தூக்கம், தண்ணீர், லீவு, நண்பன், காசு. ஆறு மாதம் போதும். அதற்கு மேல் போனால் அது பிள்ளைக்கு வேவு பார்ப்பதுபோல ஆகிவிடும். எப்போது மூடப்போகிறோம் என்பதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாப் பக்கமும் நிரம்பாது. என் நோட்டில் ஜூலை மூன்றாம் வாரம் காலியாக இருக்கிறது. அந்த வாரத்துக்கு முன்னால் அவன் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு வருவான், அதற்குப் பின்னால் வரவில்லை. நடுவில் என்ன நடந்தது என்று அவன் சொன்னதில்லை. இப்போது பத்தாவது படிக்கிறான். நோட்டு அலமாரியில்தான் இருக்கிறது, எங்கே என்று அவனுக்கும் தெரியும்.